பழைய கம்ப்யூட்டருக்குப் புதிய பாகம்: பொருத்தம் பார்த்து வாங்குவோம்

சென்ற தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு எங்கள் கடையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். கல்லாவில் உள்ள பில் கம்ப்யூட்டர் பல மாதங்களாகவே மெதுவாகிக்கொண்டு வந்தது. காலையில் சுவிட்சைப் போட்டால், சாம்பிராணி காட்டி முடித்து, முதல் வாடிக்கையாளருக்குச் சரக்கு எடுத்துக் கொடுத்த பிறகுதான் திரை தயாராகும். பண்டிகைக் கூட்டத்தில் இது தாங்காது என்று, மெமரி கூட்டினால் வேகம் வரும் என யாரோ சொன்னதைக் கேட்டு, டவுனுக்குப் போன இடத்தில் 8 ஜிபி மெமரி ஒன்றை வாங்கி வந்தோம்.

பையன் கேபினட்டைத் திறந்து அதைச் சொருகிப் பார்த்தான். உட்காரவில்லை. இருந்த பழைய மெமரியைக் கழற்றி அந்த இடத்தில் போட்டுப் பார்த்தான். அங்கும் உட்காரவில்லை. பழையதையே திரும்பப் போட்டபோது கம்ப்யூட்டர் பீப் பீப் என்று கத்தியதே தவிர, திரையில் எதுவும் வரவில்லை. அன்று மாலை முழுவதும் சிட்டையில் கையால் எழுதித்தான் சரக்குக் கொடுத்தோம். எந்தச் சரக்குக்கு எத்தனை சதவீதம் வரி என்று ஒவ்வொரு வரியிலும் நின்று யோசிக்க வேண்டியிருந்தது. வரிசையில் நின்றவர்களில் சிலர் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் வந்த மெக்கானிக் தம்பி கேட்ட முதல் கேள்வி: "அண்ணாச்சி, உங்க மதர்போர்டு நம்பர் என்ன?" தெரியாது என்றோம். "நம்பர் தெரியாம எப்படி மெமரி வாங்குனீங்க? இது டிடிஆர்4. உங்க போர்டு டிடிஆர்3" என்றார். பழைய மெமரியின் பித்தளை நிறப் பற்களை ரப்பரால் துடைத்து, இரு பக்கமும் கிளிப் விழும்வரை அழுத்தி உட்கார வைத்தார். கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது. வாங்கிய மெமரியை விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் கேட்டதைத்தான் அவர் கொடுத்தார்.

மிளகாய் மூட்டையைக் காம்பு கிள்ளிப் பார்க்காமல் எடுக்காதவர்கள் நாம். ஆனால் கம்ப்யூட்டர் பாகம் என்றால் பெயரை மட்டும் சொல்லி வாங்கிவிடுகிறோம். அந்தத் தவறு மற்ற உறுப்பினர்களுக்கு நேரக் கூடாது என்பதற்காக, அதன்பின் நாங்கள் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் கோளாறு எது என்று பாருங்கள்

வேகம் குறைந்துவிட்டது என்றவுடன் பாகம் வாங்கக் கிளம்பக் கூடாது. மளிகைக் கடைக் காற்றில் மாவுத் தூளும், மிளகாய்ப் பொடியும், சாக்குப் பஞ்சும் எப்போதும் உண்டு. இவை பிராசசர் மேலுள்ள மின்விசிறியிலும் அதன் அடியிலுள்ள உலோகத் தகடுகளிலும் கம்பளி போலப் படிந்துவிடும். காற்று போகாவிட்டால் சூடு ஏறும். சூடு ஏறினால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சில சமயம் நடு பில்லில் அணைந்தும் போகும்.

ஆகவே முதற்செலவு சுத்தம் செய்வதுதான். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஊதும் பிளோயரால் தூசியை வெளியேற்ற வேண்டும். அப்போது மின்விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஈரத்துணி கூடவே கூடாது. பிராசசருக்கும் தகட்டுக்கும் இடையில் தடவிய பசை காய்ந்து போயிருந்தால், பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவச் சொல்லுங்கள்.

அடுத்தது தேதி. தினமும் காலையில் கம்ப்யூட்டர் பழைய தேதியைக் காட்டினால், மதர்போர்டில் உள்ள சிறு பட்டன் பாட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். பெரும்பாலான மேசைக் கம்ப்யூட்டர்களில் இருப்பது சிஆர்2032 என்னும் 3 வோல்ட் பாட்டரி. சொற்பக் காசுதான். ஆனால் கவனிக்காமல் விட்டால் பில்லில் தவறான தேதி விழும். வரிக் கணக்கில் மாதமே மாறிப்போகும். இந்த இரண்டையும் செய்த பிறகும் வேகம் இல்லை என்றால்தான் பாகம் மாற்றும் பேச்சு.

மதர்போர்டுதான் அளவுகோல்

கம்ப்யூட்டருக்குள் மற்ற எல்லாப் பாகங்களும் வந்து சேருமிடம் மதர்போர்டு. எந்தப் பிராசசர், எந்த வகை மெமரி, எத்தனை ஜிபி வரை, எந்த டிஸ்க், எந்தக் கார்டு என்பதையெல்லாம் முடிவு செய்வது அதுதான். எனவே முதல் வேலை அதன் மாடல் எண்ணைக் கண்டுபிடிப்பது.

கேபினட்டின் பக்க மூடியைத் திறந்தால் மதர்போர்டின் மேலேயே கம்பெனிப் பெயரும் மாடல் எண்ணும் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். திறக்க மனமில்லாதவர்கள் சிபியு-இசட் என்னும் இலவச மென்பொருளைப் போட்டுப் பார்க்கலாம். பிராசசர் பெயர், அது உட்காரும் சாக்கெட், மதர்போர்டு மாடல், மெமரியின் வகை, எந்த ஸ்லாட்டில் எத்தனை ஜிபி என்பதை அது தனித்தனிப் பக்கங்களில் காட்டும். அந்தப் பக்கங்களைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை ரிச்சி தெருவுக்குப் போனாலும் சரி, உள்ளூர்க் கடைக்குப் போனாலும் சரி, அந்தப் படத்தைக் காட்டித்தான் பேச வேண்டும்.

எங்கள் கம்ப்யூட்டர் 2012-இல் வாங்கியது. எச்61 என்னும் சிப்செட் கொண்ட மதர்போர்டு, ஐ3-2120 பிராசசர், 2 ஜிபி டிடிஆர்3 மெமரி, 500 ஜிபி ஹார்டு டிஸ்க், 32 பிட் விண்டோஸ் 7. நம்மில் பலர் கல்லாவில் இன்றும் ஏறக்குறைய இதே கூட்டணிதான் இருக்கும் என்பதால், இதையே உதாரணமாக வைத்து ஒவ்வொரு பாகமாகப் பார்க்கிறோம்.

மெமரி

மேசைக் கம்ப்யூட்டர் மெமரியில் டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்று தலைமுறைகள் உள்ளன. டிடிஆர்3-க்கு 240 பற்கள். மின் அழுத்தம் 1.5 வோல்ட். டிடிஆர்4-க்கு 288 பற்கள், 1.2 வோல்ட். டிடிஆர்5-க்கும் 288 பற்கள்தான், ஆனால் 1.1 வோல்ட். தவறி மாற்றிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அடியில் உள்ள வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் வைக்கப்பட்டுள்ளது. வெட்டு பொருந்தவில்லை என்றால் அது உங்களுடையதல்ல. அழுத்தினால் ஸ்லாட்தான் உடையும். தீபாவளிச் சமயத்தில் எங்கள் பையன் அதற்கு மேல் அழுத்தாமல் விட்டது எங்கள் நல்ல காலம்.

தலைமுறை ஒன்றாக இருந்தாலே போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது. லேப்டாப் மெமரி நீளம் குறைவு. அது மேசைக் கம்ப்யூட்டரில் சேராது. பழைய சர்வர்களிலிருந்து கழற்றிய மெமரி மலிவாகக் கிடைக்கும். பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஸ்லாட்டிலும் உட்காரும், ஆனால் சாதாரணப் போர்டில் ஓடாது. டிடிஆர்3-இல் 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று விற்கப்படும் 8 ஜிபி மெமரி இன்டெல் போர்டில் வேலை செய்யாது. விலை வழக்கத்துக்கு மாறாகக் குறைவாக இருந்தால் இந்தக் கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்.

அளவுக்கும் எல்லை உண்டு. எச்61 போர்டில் பொதுவாக இரண்டு ஸ்லாட்தான். மொத்தம் 16 ஜிபிக்கு மேல் ஏற்காது. வேகம் வெவ்வேறான இரண்டு மெமரிகளைச் சேர்த்துப் போட்டால், இரண்டும் குறைந்த வேகத்திலேயே ஓடும். இரண்டு மாடு பூட்டிய வண்டி சோர்ந்த மாட்டின் நடைக்குத்தான் போகும். ஐ3-2120 பிராசசர் 1333 வேகம் வரைக்கும்தான் என்பதால், அதைவிட வேகமான மெமரிக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

இதைவிட முக்கியமான ஒன்று: 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் மெமரியைப் பயன்படுத்தாது. அந்த நான்கிலும் ஒரு பகுதி மற்றப் பாகங்களுக்குப் போய், மூன்று அல்லது மூன்றரை ஜிபிதான் கையில் நிற்கும். அன்று நாங்கள் சரியான டிடிஆர்3 மெமரியே 8 ஜிபி வாங்கியிருந்தாலும், பாதிக்கு மேல் சும்மா கிடந்திருக்கும். முழுவதையும் பயன்படுத்த 64 பிட் விண்டோசுக்கு மாற வேண்டும். அதைப் பழையதன் மேலேயே ஏற்ற முடியாது. புதிதாகத்தான் போட வேண்டும். அப்படி மாறினால் பில் புரோகிராமுக்கு என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

ஹார்டு டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி

பழைய கம்ப்யூட்டரில் செலவழித்த காசு கண்ணுக்குத் தெரியும் இடம் இதுதான். ஹார்டு டிஸ்க் என்பது சுழலும் தட்டு. நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8 மில்லி செகண்டுக்கு மேல் ஆகிறது. படிக்கும் ஊசி சரியான இடத்துக்கு நகர்ந்து, அந்த இடம் ஊசிக்கு அடியில் வரும்வரை காத்திருக்க வேண்டும். விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்களை இப்படித் தேடித் தேடி எடுக்கிறது. காலையில் நாம் காத்திருப்பது இந்தத் தேடலுக்காகத்தான். எஸ்எஸ்டியில் சுழல்வது எதுவும் இல்லை. கேட்ட இடத்திலிருந்து உடனே எடுத்துத் தரும்.

வாங்க வேண்டியது 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி. பழைய ஹார்டு டிஸ்க்கில் சொருகியுள்ள அதே தரவு வயரும் அதே மின் வயரும் இதற்கும் பொருந்தும். எச்61 சிப்செட்டின் சாட்டா போர்ட்டுகள் நொடிக்கு 3 கிகாபிட் வகை. இப்போதைய எஸ்எஸ்டிகள் 6 கிகாபிட் வகை. இரண்டும் ஒத்துப்போகும், வேகம் மட்டும் போர்ட்டின் எல்லையில் நின்றுவிடும். அதனால் அதிவேகம் என்று அட்டையில் போட்ட விலையுயர்ந்த மாடல் நமக்குத் தேவையில்லை. தேடும் நேரம் குறைவதுதான் நமக்கு லாபம். அது சாதாரண எஸ்எஸ்டியிலும் கிடைக்கும்.

எம்.2 என்று சூயிங்கம் பட்டை போல மெல்லியதாக வருவதை வாங்கிவிடாதீர்கள். எச்61 காலத்துப் போர்டுகளில் அதற்கு ஸ்லாட் கிடையாது. அதிலும் என்விஎம்இ வகையை ஒரு கார்டில் பொருத்திச் சொருகினாலும், அக்காலத்துப் போர்டுகள் பெரும்பாலும் அதிலிருந்து விண்டோசை எழுப்பாது. கம்ப்யூட்டர் சற்றுப் புதியதாக இருந்து எம்.2 ஸ்லாட் இருந்தாலும், அது சாட்டா வகையா, என்விஎம்இ வகையா, இரண்டையும் ஏற்குமா என்று மதர்போர்டின் கையேட்டைப் பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

பில் போடும் கம்ப்யூட்டருக்கு 240 அல்லது 256 ஜிபி தாராளம். 500 ஜிபி டிஸ்க்கில் உள்ளதை 240-க்கு மாற்ற முடியுமா என்று கேட்பார்கள். நிரம்பியிருக்கும் அளவு 240-க்குள் அடங்கினால் அப்படியே நகல் எடுத்து மாற்றிவிடலாம். பழைய டிஸ்க்கை அழிக்காமல் ஒரு மாதமாவது பத்திரமாக எடுத்து வையுங்கள்.

பிராசசர்

பிராசசரைப் பொறுத்தவரை சாக்கெட் எண்தான் பொருத்தம். ஐ3-2120 உட்காருவது எல்ஜிஏ 1155. 2013-இல் வந்த ஐ5-4570 எல்ஜிஏ 1150. ஐந்துதானே வித்தியாசம் என்று நினைத்தால் உட்காரவே உட்காராது. எண் ஒன்றாக இருந்தும் ஓடாத கதையும் உண்டு. எல்ஜிஏ 1151 என்ற ஒரே பெயரில் 6, 7-ஆம் தலைமுறைப் பிராசசர்களும் வந்தன. 2017-இலிருந்து 8, 9-ஆம் தலைமுறைகளும் வந்தன. முன்னதற்கு 100, 200 வரிசைச் சிப்செட். பின்னதற்கு 300 வரிசை. ஒன்றின் போர்டில் மற்றதைப் போட்டால் பார்க்கப் பொருந்துவது போல இருக்கும், வேலை செய்யாது.

எச்61 போர்டில் ஐ5-3470 போன்ற மூன்றாம் தலைமுறைப் பிராசசர் போடலாம். ஆனால் போர்டு அதற்கு முன்பே வந்ததாக இருந்தால் பயாஸ் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். அதையும் பழைய பிராசசர் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். பயாஸ் ஏறும்போது மின்சாரம் போனால் போர்டு செத்துவிடக்கூடும் என்பதால் யுபிஎஸ் இல்லாமல் தொடக் கூடாது. இவ்வளவு சிரமம் தேவையா என்றால், பில் போடவும் இருப்புப் பார்க்கவும் ஐ3-யே போதும். பிராசசரில் போடும் காசை எஸ்எஸ்டியில் போடுவதே நல்லது.

பவர் சப்ளை

எஸ்எம்பிஎஸ் என்று நாம் சொல்லும் பவர் சப்ளை பெட்டியை யாரும் நினைப்பதில்லை. ஆனால் அது கெட்டுப் போனால் மற்றதையும் சேர்த்துக் கெடுக்கும். தனியாகக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத பில் கம்ப்யூட்டர் 100 வாட்டுக்குள்தான் மின்சாரம் எடுக்கும். ஆகவே பெரிய வாட் எண்ணைவிடத் தரமான கம்பெனியும், உத்தரவாதமும், முறையான பில்லும்தான் முக்கியம். எடையில் காற்றுப் போல இருந்துகொண்டு அட்டையில் மட்டும் பெரிய எண் போட்டிருப்பதை வாங்காதீர்கள்.

அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் மதர்போர்டுக்குப் போகும் பெரிய கனெக்டர் 24 முனை. பிராசசருக்கு அருகில் 4 அல்லது 8 முனை. இது பொது அளவு; எந்தக் கம்பெனிப் பெட்டியும் பொருந்தும். டெல், எச்பி, லெனோவோ போன்ற பிராண்டட் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் கனெக்டரும் பெட்டியின் உருவமும் தனி அளவில் இருக்கும். அவற்றுக்குப் பழையதன் பார்ட் நம்பரைக் காட்டித்தான் வாங்க வேண்டும். பழைய பெட்டிகளின் பின்புறம் 115, 230 என்று ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கும். நம் நாட்டு மின்சாரத்துக்கு அது 230-இல் மட்டுமே இருக்க வேண்டும். துடைக்கும்போது நகர்ந்து 115-க்குப் போய், சுவிட்சைப் போட்டால் பெட்டி வெடித்துப் போகும். பெட்டிக்குள் மின்சாரம் தேங்கி நிற்கும் என்பதால், இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அதைத் திறக்கக் கூடாது.

பிரிண்டர், தராசு, பில் புரோகிராம்

கம்ப்யூட்டர் விற்பவர்கள் பொருத்தம் என்று பேசுவது பெட்டிக்குள் உள்ளதை மட்டும்தான். நமக்கோ பெட்டிக்கு வெளியே நிற்பதும் பொருந்த வேண்டும்.

நம் கடைகளில் பலவற்றில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் 25 முனை பேரலல் போர்ட்டில் ஓடுகிறது. புதிய மதர்போர்டுகள் பெரும்பாலானவற்றில் பின்பக்கம் இந்தப் போர்ட் இல்லை. தனிக் கார்டு போடலாம். ஆனால் பழைய பிசிஐ ஸ்லாட்டுக்கான கார்டு வேறு, புதிய பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டுக்கான கார்டு வேறு. யுஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றும் வயர் விண்டோஸ் மென்பொருள்களுக்குப் போதும். டாஸ் காலத்துப் புரோகிராம் எல்பிடி1 என்ற பெயரைத்தான் தேடும். இந்த வயர் அந்தப் பெயரில் நிற்காது. பிரிண்டரைப் பகிர்ந்து வைத்து அந்தப் பெயருக்குத் திருப்பிவிட வழி இருக்கிறது. ஆனால் அதைச் செய்யத் தெரிந்தவர் வேண்டும்.

எலக்ட்ரானிக் தராசைக் கம்ப்யூட்டருடன் சேர்த்திருப்பவர்கள் 9 முனை சீரியல் போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் யுஎஸ்பி மாற்றி வயர் போடலாம். அதற்கு வரும் காம் போர்ட் எண்ணும், பில் மென்பொருளில் குறித்திருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இதற்காகத் தராசைத் திறக்கவோ அதன் முத்திரையைத் தொடவோ தேவையே இல்லை.

இனி, முன்பு சொல்லி நிறுத்திய விஷயம். ஃபாக்ஸ்புரோவிலோ கிளிப்பரிலோ டாஸ் காலத்தில் எழுதிய பில் புரோகிராம்கள் 16 பிட் வகை. 64 பிட் விண்டோஸ் எதுவும் அவற்றை நேரடியாக ஓட்டாது. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. அதாவது, மெமரி கூட்ட 64 பிட்டுக்குப் போனால் பில் புரோகிராம் நிற்கும்; புரோகிராமை மாற்றினால் பல வருடச் சரக்குப் பட்டியலையும் பற்று வரவுப் பாக்கியையும் புதியதற்கு ஏற்ற வேண்டும். டாஸை உள்ளே நடித்துக் காட்டும் இலவச மென்பொருள்கள் உண்டு. அவற்றில் உங்கள் புரோகிராம் ஓடுகிறதா, பிரிண்ட் வருகிறதா என்று வேறொரு கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

சில மென்பொருள்களின் உரிமம் அந்தக் கம்ப்யூட்டரோடு கட்டப்பட்டிருக்கும். டிஸ்க்கையோ மதர்போர்டையோ மாற்றினால் உரிமம் இல்லை என்று சொல்லிவிடும். அவற்றில் மாற்றுவதற்கு முன்பே பழைய கம்ப்யூட்டரிலிருந்து உரிமத்தை ஒப்படைத்துவிட்டு, பிறகு புதியதில் எடுத்துக்கொள்ளும் முறை இருக்கும். மென்பொருள் விற்றவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

எந்த இடத்தில் நிறுத்துவது?

விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-உடன் நின்றன. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி மெமரி, 64 ஜிபி டிஸ்க், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சிப், கம்பெனியின் பட்டியலில் உள்ள பிராசசர். இன்டெல்லில் பொதுவாக 8-ஆம் தலைமுறை முதல் அந்தப் பட்டியலில் வருகிறது. நம் ஐ3-2120 இரண்டாம் தலைமுறை. குறுக்கு வழியில் ஏற்றித் தருவதாகச் சொல்பவர்கள் உண்டு. அதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. பின்னால் வரும் திருத்தங்களுக்கும் உறுதியில்லை.

எங்கள் கணக்கு இதுதான். மெமரி, எஸ்எஸ்டி, பாட்டரி, பவர் சப்ளை இந்த நான்கோடு வேலை முடியுமானால் பழையதற்குச் செலவு செய்யலாம். மதர்போர்டையே புதிய தலைமுறைக்கு மாற்ற வேண்டும் என்றால் பிராசசர், மெமரி, விண்டோஸ் என்று எல்லாமே மாறும். மிஞ்சுவது கேபினட் தகரம் மட்டுமே. அது பழையதைச் சீர்செய்வதல்ல, புதியது வாங்குவது. புதியது என்றே விலை கேட்டு, உத்தரவாதத்தோடு வாங்குவதே நல்லது.

திறப்பதற்கு முன் கணக்கைக் காப்பாற்றுங்கள்

ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். டிஸ்க்கில் உள்ளது அந்தக் கணக்குதான். மெக்கானிக் ஸ்குரூவைத் தொடுமுன் பில் டேட்டாவை ஒரு பென் டிரைவிலும், அதற்குமேல் இன்னொரு இடத்திலும் நகல் எடுங்கள். நகல் திறக்கிறதா என்று வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். திறக்காத நகல் நகலே அல்ல.

பாகங்களுக்கு ஜிஎஸ்டி எண் போட்ட பில் கேளுங்கள். கம்ப்யூட்டர் பாகங்களுக்கு வரி 18 சதவீதம். சாதாரண முறையில் பதிவு செய்தவர்கள் கடைக்காக வாங்கியதற்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்கலாம். காம்போசிஷன் முறையில் உள்ளவர்கள் எடுக்க முடியாது. வரவு எடுக்கும் வரித் தொகையைச் சேர்த்துத் தேய்மானம் காட்டக் கூடாது. பில்லில் மாடல் எண்ணையும் எழுதி வாங்கிக்கொண்டால், உத்தரவாதம் கேட்கப் போகும்போது வாக்குவாதம் வராது.

கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் இருக்க வேண்டிய சீட்டு இதுதான்:

1. மதர்போர்டு கம்பெனி, மாடல் எண்.
2. பிராசசர் பெயர், சாக்கெட் எண்.
3. மெமரி டிடிஆர் எத்தனை, எத்தனை ஸ்லாட், எத்தனை காலி, எத்தனை ஜிபி.
4. விண்டோஸ் எது, 32 பிட்டா, 64 பிட்டா.
5. சாட்டா போர்ட் காலி உண்டா, எம்.2 ஸ்லாட் உண்டா.
6. பவர் சப்ளை சாதாரண 24 முனையா, கம்பெனித் தனி அளவா.
7. பிரிண்டர், தராசு, ஸ்கேனர் எந்தப் போர்ட்டில் ஓடுகின்றன.
8. பில் மென்பொருள் டாஸா, விண்டோஸா, உரிமம் எப்படி.
9. பொருந்தாவிட்டால் எத்தனை நாளுக்குள் திரும்ப எடுப்பார்கள் என்று விற்பவர் எழுதிக் கொடுத்தது.

எங்கள் கடையில் கடைசியில் செய்தது இவ்வளவுதான். தீபாவளிக் கூட்டம் ஓய்ந்த பிறகு தூசி எடுத்து, பசை தடவி, பாட்டரி மாற்றினோம். 2 ஜிபி டிடிஆர்3 இன்னொன்று சேர்த்து மொத்தம் 4 ஜிபி ஆக்கினோம். சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போட்டு, பழைய டிஸ்க்கில் இருந்ததை அப்படியே நகல் எடுத்தோம். 32 பிட்டை விட்டு நகரவில்லை. ஆகவே பழைய பில் புரோகிராமும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் முன்போலவே ஓடுகின்றன. அதன் இன்டர்நெட் வயரை மட்டும் பிடுங்கிவிட்டோம். திருத்தங்கள் நின்றுபோன விண்டோசில் பேங்க் கணக்கையும் ஜிஎஸ்டி தளத்தையும் திறப்பது, கல்லாவைப் பூட்டாமல் சாப்பிடப் போவது போல. அந்த வேலைகளுக்கு விண்டோஸ் 11 உள்ள கம்ப்யூட்டர் ஒன்றைத் தனியாக வாங்கினோம்.

இப்போது காலையில் சாம்பிராணிப் புகை அடங்குவதற்குள் பில் திரை வந்துவிடுகிறது. அன்று வாங்கிய டிடிஆர்4 மெமரி இன்னும் மேசை டிராயரில்தான் இருக்கிறது. எந்த உறுப்பினர் கடையிலாவது டிடிஆர்4 போர்டு இருந்தால் நம்பரைக் குறித்துக்கொண்டு வாருங்கள். பொருத்தம் பார்த்துக் கொடுத்துவிடுகிறோம்.